பிரேக் ஆயில் குறையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ கார் பந்தய நாள் காலையில் கார்களைத் தயார் செய்யும் பிட் பகுதியைச் சுற்றி வந்தால், பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவரையாவது காண முடிகிறது. விசாரித்தால், "கொஞ்சம் குறைந்திருந்தது அண்ணா, ஊற்றிவிட்டேன்" என்கிறார். எங்கள் குழு தொடக்க காலத்தில் செய்த பிழைகளே இன்று புதியவர்களிடம் திரும்பவும் நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். டப்பாவின் மூடியைச் சரியாக மூடாதது, பிளீடிங் (குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுதல்) செய்தபின் அதற்கான நிப்பிளை இறுக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை உடனே கண்ணில் பட்டுவிடும்.

இறங்கிய அளவெல்லாம் கசிவு என்று கொள்ளுதல்

சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடு தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அதன் பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவிலுள்ள ஆயில் போய் நிரப்புகிறது. சாலையில் பல மாதங்களில் தேயும் பேடு பந்தயத் தடத்தில் ஓரிரு நாளிலேயே தேய்ந்துவிடக்கூடும் என்பதால், முதலில் பேடின் கனத்தை அளந்து பாருங்கள். தேய்ந்த பேடுகளோடு டப்பாவை விளிம்புவரை நிரப்பிவிட்டால், புதிய பேடு போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மிகுதி ஆயில் வழிந்து பெயிண்டை உரித்துவிடும்.

கசிவைத் தேடுவதற்கு முன் காரைக் கழுவுதல்

பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். கழுவினால் தடயமும் போய்விடும்.

வெளியே ஈரம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவு கட்டுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெரும்பாலான கார்களில், பெடலின் விசையை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், அந்த விசையைப் பெருக்கும் வேக்குவம் பூஸ்டரின் முகப்பில் இரண்டு நட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. சிலிண்டரின் பின்முனையில், பெடலின் தண்டு வந்து தள்ளும் பக்கத்தில் இருக்கும் சீல் தளர்ந்துவிட்டால், ஆயில் தரையில் சொட்டாமல் பூஸ்டரின் வயிற்றுக்குள் இறங்குகிறது. நான்கு சக்கரங்களும் காய்ந்திருக்கும். குழாய்களின் இணைப்புகளும் காய்ந்திருக்கும். டப்பாவின் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

சக பந்தய ஓட்டுநர் ஒருவரின் முன்சக்கர இயக்கக் காரில் நடந்ததைச் சொல்கிறேன். ஆயில் குறைகிறது என்றதும் இரண்டு காலிப்பர்களின் சீல்களும் மாற்றப்பட்டன; பிறகு ஹோஸ்கள், அதன்பின் பின்சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள் (டிரம் பிரேக்கின் ஷூக்களைத் தள்ளுபவை) மாற்றப்பட்டன. குறைவது நிற்கவில்லை. இதற்கிடையில் எக்ஸாஸ்டிலிருந்து வெள்ளைப் புகை வரத் தொடங்கியதால், என்ஜினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று என்ஜினையும் பிரித்தார்கள். பூஸ்டரிலிருந்து என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக்குக்குச் செல்லும் ஹோஸ் வழியாக உறிஞ்சப்பட்ட பிரேக் ஆயில்தான் உள்ளே எரிந்து புகையாக வந்துகொண்டிருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது பூஸ்டருக்குள் ஆயில் தேங்கியிருந்தது. அதனுள்ளிருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வும் ஊறிக் கெட்டிருந்தது. அந்தப் பருவத்துக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த பணம் தேவையற்ற பாகங்களுக்கே போய்விட்டது. பணத்தைவிட, அந்த நிலையில் நேர்தடத்தின் முடிவில் அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாரே என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. டப்பாவின் இரண்டு அறைகளில் ஒன்று காலியாகிக் காற்று நுழைந்துவிட்டால், பெடல் வெகுதூரம் இறங்கும். பிரேக்கில் பாதிதான் மிஞ்சும்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. அந்த இரண்டு நட்டுகளையும் கழற்றி, குழாய்கள் வளைந்து மடங்காத அளவுக்குச் சிலிண்டரை மெல்ல முன்னே இழுத்து, அதன் பின்முனையை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால், ஊசிக் குழலில் மெல்லிய டியூபைப் பொருத்திப் பூஸ்டரின் அடியிலிருந்து ஆயில் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்க்க வேண்டும். வந்தால், சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு ஊறிய பூஸ்டரை அப்படியே விடுவது அரைகுறை வேலை. சிலிண்டருக்கு நேர் கீழே பூஸ்டரின் பெயிண்ட் கொப்புளித்திருப்பதும் முக்கியமான அடையாளம். வேறெங்கும் கைவைப்பதற்கு முன் அந்த இடத்தைப் பாருங்கள்.

பெடலை மிதிக்காமல் தேடுதல்

சில கசிவுகள் அழுத்தத்தில் மட்டுமே வெளிப்படும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு ஹோஸையும் அதன் செப்பு வாஷர்களையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷரை மீண்டும் போடக் கூடாது. டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை விலக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கிளட்சுக்கும் இதே டப்பாவிலிருந்து ஆயில் செல்லும் கார்களில் கிளட்ச் சிலிண்டரையும் பார்க்காமல் விடாதீர்கள்.

பெடலின் கோளாறைக் கசிவோடு குழப்புதல்

ஆயிலின் அளவு மாறாமல், அழுத்திப் பிடித்த பெடல் மட்டும் மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஆயில் திரும்புகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சில சுற்றுகள் ஓடியபின் பெடல் பஞ்சு போலானால், ஆயில் கொதித்திருக்கக்கூடும். டாட் 4 என்ற தரத்திலுள்ள பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை இறங்க அந்தத் தரத்தின் விதியே இடம் தருகிறது. கொதித்த ஆவி ஆயிலை டப்பாவுக்குத் திருப்பித் தள்ளி மூடியின் ஓரமாக வழியச் செய்யலாம். அந்த ஈரத்தைப் பார்த்துக் குழாய்களைக் குறைகூறுவதில் பயனில்லை.

கையில் கிடைத்த ஆயிலை ஊற்றுதல்

என்ஜின் ஆயில் சிறிதளவு கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

குறித்து வைக்காமல் நிரப்புதல்

டப்பாவில் ஒரு நாடாவை ஒட்டி, கார் சமதளத்தில் குளிர்ந்து நிற்கும்போது ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளவைக் கோடிட்டு வையுங்கள். பேடின் கனத்தையும் ஊற்றிய ஆயிலின் அளவையும் அருகிலேயே எழுதுங்கள். டப்பாவின் இரண்டு அறைகளில் எது இறங்கியது என்று பார்ப்பது மிக அவசியம். முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின்சக்கரமும் ஒரே அறையிலிருந்து ஆயில் பெறுகின்றன. ஆகவே இறங்கிய அறைக்குரிய சக்கரங்களில் தேடலைத் தொடங்குங்கள். இறங்கியது பூஸ்டரை ஒட்டிய அறையாக இருந்து, அதற்குரிய இரண்டு சக்கரங்களும் காய்ந்திருந்தால், ஸ்பேனர் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகள்.