நன்னீர் இறாலும் கிரேஃபிஷும்: தொட்டியில் வளர்ப்பும் இனப்பெருக்கமும்

இறாலோ, இறாலை ஒத்த உடலும் பெரிய கொடுக்குகளும் கொண்ட நன்னீர் விலங்கான கிரேஃபிஷோ வளர்க்க நினைப்பவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது, இவற்றின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் எதிர்பாராத இறப்புகளும் பெரும்பாலும் ஓடு உரிப்பதை ஒட்டியே நிகழ்கின்றன என்பதாகும். மீனைப் போல இவை நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்வதில்லை. வெளி ஓடு விரிந்து கொடுக்காது என்பதால் அதை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அடியில் உருவாகியிருக்கும் மென்மையான புதிய ஓடு இறுகுவதற்குள் நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்கின்றன. தொட்டியை அமைப்பது முதல் தீனி போடுவது வரை எந்த முடிவை எடுத்தாலும், அது ஓடு உரிப்பதற்குத் துணையா, இடையூறா என்று கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் தவிர்ந்துபோகும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது செர்ரி இறால் எனப்படும் நியோகாரிடினா டேவிடி. முழுவளர்ச்சியில் மூன்று சென்டிமீட்டர் அளவே இருக்கும் இவ்வினம், நீரின் தன்மை சற்று முன்பின்னாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட கிரிஸ்டல் இறால் காரிடினா வகையைச் சேர்ந்தது. மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள, குளிர்ந்த நீர் அதற்கு வேண்டும் என்பதால் ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு வாங்குவதே நல்லது. ஜப்பானிய நீர்த்தாவர வடிவமைப்பாளர் தாகாஷி அமானோ பாசியைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தியதால் அவர் பெயராலேயே அறியப்படும் அமானோ இறால் நன்னீர்த் தொட்டியில் நன்றாக வாழும். ஆனால் அதன் இளம்புழுக்கள் வளர உப்பு நீர் தேவைப்படுவதால், இனப்பெருக்கம் செய்ய விரும்புபவர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கிரேஃபிஷைப் பொறுத்தவரை, மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சேர்ந்த ஆரஞ்சு நிறக் குள்ள வகையான காம்பரெல்லஸ் பாட்ஸ்குவாரென்சிஸ் நான்கைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும் என்பதால் சிறிய தொட்டிக்குப் பொருந்தும். சிவப்புச் சதுப்புநிலக் கிரேஃபிஷ், ஆஸ்திரேலிய ரெட்கிளா போன்ற பெரிய வகைகள் தாவரங்களை அறுத்துத் தள்ளும், மணலைத் தோண்டும், இரவில் தூங்கும் மீனையும் பிடிக்கும். அவற்றுக்குத் தனித் தொட்டியே முறை. வட அமெரிக்க இனங்களையும் ஆஸ்திரேலிய இனங்களையும் ஒரே தொட்டியில் விடக் கூடாது, ஒரே வலையால் கையாளவும் கூடாது. அஃபனோமைசிஸ் அஸ்டாசி என்ற நீர்ப்பூஞ்சை போன்ற நுண்ணுயிரி உண்டாக்கும் கிரேஃபிஷ் கொள்ளைநோயை வட அமெரிக்க இனங்கள் நோயின்றிச் சுமந்திருக்கக்கூடும்; மற்ற கண்டங்களின் இனங்களை அது அடியோடு அழித்துவிடும்.

செர்ரி இறாலுக்கு 20 லிட்டர் தொட்டி போதும் என்றாலும், நீரின் தன்மை எளிதில் மாறாமலிருக்க 40 லிட்டர் கொள்வதே பாதுகாப்பு. பெரிய கிரேஃபிஷ் ஒன்றுக்கு 80 லிட்டராவது வேண்டும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே அதற்கு முக்கியம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டுக்கும் ஏற்றது: குஞ்சுகளை இழுக்காது, அதன் மேற்பரப்பில் படியும் நுண்ணுயிர்ப் படலம் இறாலுக்கு மேய்ச்சலாகவும் ஆகும். மீன் இல்லாத புதுத் தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழி காட்டிய பிறகும் இன்னும் சில வாரம் பொறுப்பது நலம். கண்ணாடியிலும் கட்டைகளிலும் மெல்லிய வழவழப்பு படிந்திருப்பதே தொட்டி தயாரானதற்கு அடையாளம். கிரேஃபிஷ் தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடி கட்டாயம். காற்றுக் குழாயையும் ஃபில்டர் தண்டையும் பற்றி ஏறி வெளியே விழுந்து, மறுநாள் மேசைக்கடியில் காய்ந்து கிடப்பது இவ்வளர்ப்பில் வழக்கமாக நேரும் இழப்பு. விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒளிவிடங்கள் கூடுதலாக இருக்க வேண்டும். குழாய்த் துண்டுகளும் கல் இடுக்குகளும் போதும், அழகு இரண்டாம் பட்சம்.

செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பம், 6.5 முதல் 7.8 வரை பிஎச், 6 முதல் 10 வரை ஜிஎச் எனப்படும் பொதுக் கடினத்தன்மை ஆகியவை பொருந்தும். கிரிஸ்டல் இறாலுக்கு, நீரைச் சற்றே அமிலத்தன்மையுடன் வைக்கும் அடிமண்ணான ஆக்டிவ் சாயில் இட்டு, ஆர்ஓ நீரில் இறாலுக்கான தாதுப்பொடியைக் கலந்து, பிஎச் அளவை 6 முதல் 6.8 வரை வைப்பார்கள். எண்களைத் துரத்துவதைவிட அவை மாறாமல் இருப்பதே முக்கியம் என்பது என் கருத்து. ஒரே நாளில் பாதி நீரை மாற்றினால் கரைந்துள்ள தாதுக்களின் அளவு திடீரென மாறி, உரிக்கத் தயாராகாத இறால் உரிக்க முயன்று ஓட்டிலேயே சிக்கிக்கொள்ளும். முதுகு ஓடும் வால் பகுதியும் சேருமிடத்தில் உடலைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வாரம் பத்து விழுக்காடு நீரை, குளோரினை நீக்கி, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகு மெதுவாக ஊற்றினால் போதும். தாமிரம் கலந்த மீன் மருந்துகள் இவற்றுக்கு நஞ்சு. அத்தகைய மருந்து முன்பு பயன்படுத்தப்பட்ட பழைய தொட்டியையும் தவிர்க்கவும்.

வாங்கி வந்த இறாலைப் பையோடு கவிழ்க்கக் கூடாது. அவற்றைப் பையின் நீருடன் ஒரு வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் தளர்வான முடிச்சுப் போட்டு, தொட்டி நீர் நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டாக வாளியில் விழும்படி இரண்டு மணி நேரம் வைத்த பிறகு, வலையால் எடுத்து இறாலை மட்டும் தொட்டியில் விடவும்.

தீனியில் தாராளம் வேண்டாம். இறால் நாள் முழுவதும் படலத்தை மேயும். நாட்டுப் பாதாம் சருகு ஒன்றைப் போட்டுவைத்து, வாரத்தில் இரண்டு மூன்று முறை இறால் குருணையோ வேகவைத்த கீரையோ சிறிதளவு கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடலாம். கிரேஃபிஷுக்கு மூழ்கும் குருணை, காய்கறி, சருகு, வாரமொரு முறை சிறிது புழுவோ மீன் துண்டோ போதும்.

கிரேஃபிஷ் ஓடு உரிக்குமுன் பழைய ஓட்டின் சுண்ணாம்பில் ஒரு பகுதியை மீட்டெடுத்து, இரைப்பைச் சுவரில் பொத்தான் போன்ற இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்துவைக்கும். உரித்தபின் அவை கரைந்து புதிய ஓட்டுக்குச் செல்லும். உரிப்பதற்கு முன் சில நாள் உண்ணாமல் பதுங்கினால் அது நோயன்று; கையால் கிளறிப் பார்க்க வேண்டாம். மல்லாந்து கிடக்கும் வெற்று ஓட்டைச் செத்த உடல் என்று எண்ணி அகற்றிவிடுபவர் பலர். அதை அப்படியே விட்டால் விலங்கே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும். ஒரே தொட்டியில் பல கிரேஃபிஷ் இருந்தால், உரித்தது இறுகும்வரை மற்றவற்றுக்கு அது இரைதான்.

செர்ரி இறாலின் இனப்பெருக்கத்தில் நாம் செய்யவேண்டியது மிகக் குறைவு. பெண் பெரிதாகவும், அடி வயிறு ஆழ்ந்தும், நிறம் அடர்ந்தும் இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகில் சேணம் போலத் தெரியும் மஞ்சள் அல்லது பச்சைத் திட்டு, முட்டைகள் முதிர்வதைக் காட்டும். அந்தப் பெண் இறால் ஓடு உரித்ததும் நீரில் கலக்கும் வாசனையால் ஆண்கள் தொட்டியெங்கும் நிலைகொள்ளாமல் நீந்தும். இணைசேர்ந்தபின் பெண் இருபது முப்பது முட்டைகளை வாலடியில் ஏந்தி, நீந்துகால்களால் ஓயாமல் விசிறி, ஒன்றிரண்டை அவ்வப்போது கால் நுனியால் புரட்டிச் சுத்தம் செய்வதைக் கண்ணாடியருகே நின்று தெளிவாகக் காணலாம். மூன்று நான்கு வாரத்தில் பொரியும் குஞ்சுகள் தாயின் உருவத்திலேயே இருக்கும். அவற்றுக்கு அடர்ந்த ஜாவா பாசியும் மீனில்லாத தொட்டியுமே பாதுகாப்பு. வெவ்வேறு நிற நியோகாரிடினாக்களைக் கலந்து வளர்த்தால் சில தலைமுறைகளில் மங்கிய பழுப்பு நிறமே மிஞ்சும்.

கிரேஃபிஷில் ஆணைக் கவிழ்த்துப் பார்த்தால், நடக்கும் கால்களின் முடிவில், முன்னோக்கி மடிந்த இரண்டு இணைத் தண்டுகள் தெரியும். இது அமெரிக்க இனங்களுக்கான அடையாளம். அவ்வினங்களின் ஆண், இனப்பெருக்க வடிவத்துக்கு உரித்த பிறகே இணையத் தகுதி பெறும். பெண் விந்தைப் பல வாரங்கள் சேமித்து, பிறகு தனிமையில் முட்டையிடும் என்பதால், இணைந்ததும் ஆணைப் பிரித்துவிடலாம். முட்டை சுமக்கும் தாய்க்கு ஒரு குகையும் அமைதியும் வேண்டும். பொரிந்த குஞ்சுகள் முதல் இரண்டு உரிப்புகள் வரை தாயின் வாலடியிலேயே தொங்கும்; அவை இறங்கி நடக்கத் தொடங்கியதும் தாயை வேறிடத்துக்கு மாற்றி, குஞ்சுகளுக்குச் சருகும் பாசிக் கற்றைகளும் நிரப்ப வேண்டும். ஒன்றையொன்று தின்பதை முழுவதும் தடுக்க முடியாது. ஒளிவிடம் கூடுதலாக இருந்து, பெரியவற்றை அவ்வப்போது பிரித்தெடுத்தால் இழப்பு குறையும்.

மிகுந்துபோகும் குஞ்சுகளுக்கு முன்கூட்டியே இடம் பார்த்துவைக்க வேண்டும். 1990களில் ஜெர்மனியின் தொட்டி வணிகத்தில் வெளிப்பட்ட மார்பிள் கிரேஃபிஷ் முழுவதும் பெண்களே. ஆணின்றி முட்டையிட்டுப் பெருகும் இது ஒன்று போதும், ஒரு குளத்தை நிரப்ப. ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட பல இடங்களில் இதை வைத்திருப்பதே சட்ட விரோதம் என்பதால், எந்தக் கிரேஃபிஷையும் வாங்குமுன் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும். உயிருள்ள விலங்கையோ தொட்டி நீரையோ ஆற்றிலும் வடிகாலிலும் விடாதீர்கள். தொட்டியிலிருந்து மாற்றிய நீரை வீட்டுச் செடிகளுக்கு ஊற்றி, வலைகளையும் வாளிகளையும் முழுவதும் காயவைத்த பிறகே அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்துங்கள்.