எரிச்சல் காணும் தோலுக்குக் கட்டுப்படியாகும் கிரீம்: லேபிளைப் படித்து வாங்கும் முறை

விலைச் சீட்டில் அதே 25 வெள்ளிதான் (ரிங்கிட்). போத்தல் மட்டும் இளைத்திருக்கிறது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்தகமோ செந்தூல் பேரங்காடியோ, ஷாம்பு, லோஷன் வாங்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. எதைப் பூசினாலும் சிவந்து அரிக்கும் தோல் உள்ளவர்களுக்கு இதில் நட்டம் கூடுதல். ஒத்துக்கொள்ளும் பொருள்களே நாலைந்துதான் என்னும்போது, சட்டென்று வேறொன்றுக்கு மாறவும் முடியாது. லேபிளைப் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன். கைப்பேசி கால்குலேட்டர் போதும்.

படி 1: 100 மில்லி என்ன விலை?

விலையை மில்லி அளவால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 25 வெள்ளிக்கு 250 மில்லி என்றால், 100 மில்லி 10 வெள்ளி. அதே 25 வெள்ளிக்கு இப்போது 200 மில்லிதான் என்றால், 12 வெள்ளி 50 காசு. அளவு 20 விழுக்காடு குறைந்திருக்கிறது, ஆனால் 100 மில்லியின் விலை 25 விழுக்காடு ஏறியிருக்கிறது. ‘இரண்டாவது பாதி விலை’ சலுகைக்கும் இதே கணக்குதான்: இரண்டின் மொத்த விலையை மொத்த மில்லியால் வகுங்கள்.

டப்பாவின் உருவத்தை நம்ப வேண்டாம். ஒரு கிரீம் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பலவற்றில் வெளிச்சுவருக்குள் இன்னொரு சின்னக் கிண்ணம் இருக்கும், நடுவே வெறும் காற்று. கை நிறைய நிற்கும் டப்பாவில் 50 கிராம்தான் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் அச்சிட்ட நிகர அளவு ஒன்றுதான் கணக்கு.

அதற்காக 473, 355 போன்ற எண்களைப் பார்த்ததும் குறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. அவை அமெரிக்க அவுன்ஸ் அளவுகள். 16 அவுன்ஸ் என்பது சுமார் 473 மில்லி. குறைந்ததா என்று உறுதியாகத் தெரிய பழைய போத்தல் வேண்டும். தூக்கிப் போடும் முன் லேபிளைப் படம் எடுத்து, வாங்கிய விலையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அளவு மாறியிருந்தால் உட்பொருளையும் பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. புதுப் போத்தல் வரும்போது சில நேரம் கலவையும் சேர்ந்தே மாறிவிடும். முன்பக்கம் அதே பெயர், அதே நிறம். பின்பக்கப் பட்டியலில் மட்டும் புதிதாக ஒரு வாசனைப் பொருள் ஏறியிருக்கும். உங்கள் தோல் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிடுங்கள். பழைய படத்தையும் புது லேபிளையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும். 1 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். தோலின் ஈரத்தைக் காக்கும் கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம் இருந்தால் நல்லது. பர்ஃப்யூம் அல்லது ஃப்ரேக்ரன்ஸ் என்று இருந்தால் வைத்துவிடுங்கள், ஒப்பனைப் பொருள்களால் வரும் ஒவ்வாமைக்கு வாசனையே பெரிய காரணம். மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளையும் தவிருங்கள். பூசி அப்படியே விடும் கிரீம்களில் அதைப் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியமே தடை செய்திருக்கிறது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை குறைவு) என்ற முன்பக்கச் சொல்லை நம்பி வாங்காதீர்கள். எரிச்சலே வராது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

மலிவாகப் பெரிய டப்பாவில் கிடைக்கும் அக்வியஸ் கிரீம் என்ற சாதாரண ஈரப்பத கிரீமிலும் கவனம் வேண்டும். சில வகைகளில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சோப்பு வகைப் பொருள் உண்டு. பூசி அப்படியே விட்டால் எரிச்சல் தரலாம், குறிப்பாக எக்சிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) உள்ள குழந்தைகளுக்கு என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் எச்சரித்தது. அது இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: பதிவைச் சரிபாருங்கள்

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் வெளுப்பு கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டதாக மலேசிய சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது. பதிவான பொருள்களைக் காட்ட அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு நடத்தும் ‘குவெஸ்ட் 3 பிளஸ்’ தளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவானாலும் சரி.

படி 4: எதற்குச் செலவு செய்வது?

முகம் கழுவும் திரவம் அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். வாசனையில்லாத, மென்மையான சாதாரணமான ஒன்று போதும். மிச்சமாகும் பணத்தை நாள் முழுக்கத் தோலில் இருக்கும் ஈரப்பத கிரீமுக்கும் சன்ஸ்கிரீனுக்கும் கொடுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சன்ஸ்கிரீனைக் குறைக்கவே கூடாது. ஜிங்க் ஆக்சைடு வகை பெரும்பாலும் எரிச்சல் தராது.

எத்தனை நாள் வரும் என்றும் கணக்குப் போடலாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை வேண்டும். தினம் இரண்டு வேளை என்றால் 50 கிராம் 20 நாளில் தீர்ந்துவிடும்.

படி 5: சின்னதை வாங்கிச் சோதியுங்கள்

புதுப் பொருள் என்றால் மில்லி கணக்கில் விலை கூடினாலும் முதலில் சிறிய அளவே லாபம். ஒத்துக்கொள்ளாத அரை லிட்டர் போத்தல் முழுச் செலவு. முழங்கையின் உள்பக்கத்தில் சின்ன வட்டமாகத் தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் பூசுங்கள். ஒன்றும் ஆகவில்லையா, அப்புறம் முகத்துக்குப் போகலாம். பெரிய அளவு வாங்கும்போது லேபிளில் இருக்கும் மூடி திறந்த டப்பா படத்தையும் பாருங்கள். அதில் 12 என்று இருந்தால், திறந்த 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சிவந்தாலோ அரித்தாலோ உடனே கழுவி நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள், வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். போகும்போது போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள், உட்பொருள் பட்டியலை மருத்துவர் நேரில் பார்க்கட்டும்.