சின்ன கேமராவில் எடுத்த படத்தைக் காட்டுவதும் அதைப் பற்றிப் பேசுவதும்

அலமாரியில் கிடந்த கேனான் ஏ590-ஐ மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். 2008-இல் வந்த மாடல், 8 மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி. படம் எடுப்பதில் சிக்கல் இல்லை. அதை நாலு பேரிடம் காட்டினால் "சூப்பர்" என்று ஒரு கட்டைவிரல் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதைத் தாண்டிப் போக நான் செய்வது இது.

படி 1: முதலில் கேமராவில் தேதியைப் பாருங்கள். நாள்கணக்கில் சும்மா கிடந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும். சில மாடல்களில் இதற்கென்றே குட்டி பட்டன் பேட்டரி உண்டு. அது தீர்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

படி 2: மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு, டிசிஐஎம் (DCIM) என்ற ஃபோல்டரைத் திறங்கள். படங்கள் அதற்குள் இருக்கும். 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். கணினியில் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு, கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்து காலியாக்கலாம்.

படி 3: அறுபது படம் இருந்தாலும் இரண்டைத்தான் அனுப்ப வேண்டும். மனசு வராதுதான்.

படி 4: வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் 3264 x 2448 பிக்சல் படம் பாதியாகச் சுருங்கிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், படத்துக்குள் கேமரா எழுதிவைத்த ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு), லென்ஸின் குவிய நீளம் (ஜூமை எவ்வளவு இழுத்தோம் என்று காட்டும் எண்) எல்லாம் கழன்றுவிடும். பேசுவதற்கு அவைதானே சரக்கு!

விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டீட்டெயில்ஸ்' பார்த்தால் இதெல்லாம் தெரியும்.

கொடிக்கயிற்றில் உட்கார்ந்திருந்த ஒரு தட்டானை எடுத்தேன். பின்னால் இருந்த சுவர் சுண்ணாம்புப் பொரிவரை தெளிவு, தட்டான் மட்டும் கலங்கல். கை ஆடிவிட்டது என்றே நினைத்தேன். படத்தைத் திறந்து பார்த்த நண்பர், "ஷட்டர் 1/250 நொடிதான், கை ஆடியிருக்காது. குவிய நீளம் 23 மி.மீ. காட்டுது. ஜூமை முழுசா இழுத்துட்டுப் பக்கத்தில் போனீங்களா?" என்று கேட்டார். போனேன்தான். இந்த கேமராவில் ஜூம் இழுக்காமல், பூப் படம் போட்ட மேக்ரோவை (கிட்டத்தில் இருப்பதை எடுக்கும் வசதி) அழுத்தினால் 5 செ.மீ. வரை நெருங்கலாம். ஜூம் இழுத்தால் தள்ளித்தான் நிற்க வேண்டும். தட்டானோ ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. ஃபோகஸ் அதை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது.

படி 5: படத்தோடு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "தட்டான் ஏன் கலங்கலா இருக்கு?" என்று கேட்டதால்தான் எனக்குப் பதில் கிடைத்தது. மற்றவர் படத்துக்கு நீங்கள் சொல்லும்போது, உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று சொல்லுங்கள். அது அவர் காட்ட நினைத்த இடமா என்பது அவருக்கே விளங்கும். அப்புறம் எண்களைப் பேசலாம்.

மறுநாள் ஜூமைத் தொடாமல், மேக்ரோவோடு போனேன். சிறகின் நரம்புவரை திரையில் தெரிந்தது. அழுத்துவதற்குள் கேமராவின் நிழல் விழுந்து தட்டான் பறந்துவிட்டது. அதற்கு என்ன வழி என்று இப்போது கேட்டிருக்கிறேன்.