பாலக்கீரைப் புரதம் ஜெல்லில் காணாமல் போனது – என் அனுபவம்

பாலக்கீரை இலையின் செல் சவ்விலிருந்து அக்வாபோரின் என்ற, தண்ணீரைக் கடத்தும் புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யூரியா, சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுச் சவ்வின் மேல் ஒட்டியிருந்த புரதங்களைக் கழுவியாயிற்று, ஆக்டைல் குளுக்கோசைடு என்ற டிடர்ஜென்ட்டில் (சோப்பு மாதிரி சவ்வைக் கரைப்பது) கரைத்தாயிற்று, ஆனால் புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், அது வர வேண்டிய 30 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் ஒன்றுமே இல்லை.

புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸ் தின்றுவிட்டது என்று நினைத்து, அதைத் தடுக்கும் இன்ஹிபிட்டரை இரண்டு மடங்காக்கினேன். பிறகு இலையின் ஃபீனால் வேலையோ என்று அதைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி தூளைச் சேர்த்தேன். அப்புறம் டிடர்ஜென்ட்டையே மாற்றினேன், காசுதான் போனது. இப்படியே ஒன்பது நாள்.

ஒருநாள் சோம்பலில், மேலே இருக்கும் ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டி எறியாமல் அப்படியே சாயம் ஏற்றிவிட்டேன். பார்த்தால் சாம்பிள் ஊற்றும் கிணறுகளின் (ஜெல்லின் குழிகள்) அடியில் கறுநீலக் கோடு! புரதம் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே நுழையாமல் திரண்டு நின்றிருக்கிறது; தினமும் அதைத்தான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

காரணம், பழக்க தோஷத்தில் சாம்பிளை 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைத்தது. தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் அதிகமுள்ள சவ்வுப் புரதங்கள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே சாம்பிளை 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஓட்டினேன். 30க்குப் பக்கத்தில் பட்டை வந்தது, 60 அருகே மங்கலாக இன்னொன்று, அது இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த இரட்டை வடிவம். சரி, இனி தூய்மையைப் பார்க்க வேண்டும்.