கார் டோர் பேனலை உடைக்காமல் கழற்றுவது

பவர் விண்டோ மோட்டார், ஸ்பீக்கர், கதவுப் பூட்டு என எதில் கை வைப்பதானாலும் முதலில் உள்பக்க டோர் பேனல் வெளியே வரவேண்டும். பேனல் உடைவதற்கு முக்கியக் காரணம், மறைந்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றைக் கவனிக்காமல் இழுப்பதுதான். அதனால் பாதி வேலை தேடுவதிலேயே இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் பேனலைக் கதவோடு பிடித்துவைக்கும் புது கிளிப் குறைந்தது பத்து வாங்கி வையுங்கள். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து 10 ஆண்டு தாண்டி ஓடும் காரென்றால் இது கட்டாயம். நம்மூர் வெயிலில் ஆண்டுக்கணக்காக நின்ற நைலான் கிளிப் காய்ந்து, தொட்டாலே தலை முறியும். சின் மிங், காக்கி புக்கிட் பக்கத்துக் கடைகளில் மாடலும் ஆண்டும் சொல்லிக் கேளுங்கள். பழைய கிளிப் ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நல்லது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தண்டின் தடிமன் மாறும்.

2ஆம் எண் ஸ்டார் (பிலிப்ஸ், கூட்டல் குறி முனை) ஸ்க்ரூடிரைவர், 10 மி.மீ. சாக்கெட், பிளாஸ்டிக் நெம்புகோல், மாஸ்கிங் டேப் போதும். ஐரோப்பியக் கார்களுக்கு டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர வடிவ) பிட் தேவை, பெரும்பாலும் டி20 முதல் டி30 வரை. தட்டை ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி நெம்பலாம் என்பார்கள். செய்யாதீர்கள், பெயின்டில் கீறலும் பேனல் விளிம்பில் பள்ளமும்தான் மிஞ்சும்.

இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் சில கார்களில் கதவுக்குள்ளேயே இருக்கும். பிளக் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கும்வரை அணையாமல் போகலாம்.

இனி ஸ்க்ரூ வேட்டை. கதவு திறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் சின்ன மூடி இருக்கும். இழுத்துச் சாத்தும் குழிவின் அடியில், ரப்பர் விரிப்புக்குக் கீழே ஒன்றிரண்டு இருக்கும். ஜன்னல் சுவிட்ச் பலகையை நெம்பி எடுத்தால் அதன் அடியிலும், கண்ணாடி மூலையிலுள்ள முக்கோண மூடியின் பின்னாலும் பாருங்கள். கதவு விளிம்பின் சிவப்பு விளக்குக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கலாம். எந்த ஸ்க்ரூ எங்கே என்று போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நீளமானதை மாற்றிப் போட்டால் மறுபக்கம் முட்டும்.

பேனலைச் சுற்றியுள்ள பெயின்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள். நெம்புகோலைக் கிளிப்புக்கு மிக அருகில் செருக வேண்டும். தள்ளி வைத்து நெம்பினால் கிளிப் வராது, பேனல்தான் வளையும். ‘டக்’ என்று ஒன்று விட்டதும் அடுத்ததற்கு நகருங்கள். ஓரிடம் மட்டும் பிடிவாதம் பிடித்தால் இழுப்பை நிறுத்தி, மறுபடி ஸ்க்ரூ தேடுங்கள். பக்கங்களும் அடியும் விட்டபின், மேல் விளிம்பு ஜன்னல் இடுக்கில் கொக்கி போல மாட்டியிருக்கும். பெரும்பாலான கார்களில் அதை வெளியே இழுக்கக்கூடாது, நேராக மேலே தூக்க வேண்டும்.

உடனே பேனலைக் கையோடு எடுத்துவிடாதீர்கள். உள்ளே வயர் பிளக்குகளும் கைப்பிடி கேபிளும் இணைந்திருக்கும். பேனலை ஸ்டூலில் தாங்கவைத்து, பிளக்கின் பூட்டை அழுத்திப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. கேபிளின் உறையைத் தாங்கியிலிருந்து விடுவித்தபின் முனை சுலபமாகக் கழலும்.

கதவோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு, அடித்துளைகள் வழியே வெளியேறும். அந்தத் தாள் கிழிந்தால் நீர் உள்பக்கம் வந்து கார்பெட்டில் ஊறும். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் காருக்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். கறுப்பு பியூட்டில் பசையை மெதுவாகக் கத்தியால் அறுத்து உரியுங்கள், திரும்ப ஒட்டப் புது பியூட்டில் டேப் போடுங்கள். சாதாரண இரட்டைப் பக்க டேப் சூட்டில் விட்டுப்போகும்.

மாட்டும்போது, கதவுத் தகரத்தில் மாட்டிக்கொண்ட கிளிப்புகளைக் குறடால் எடுத்துப் பேனலின் பள்ளத்தில் பொருத்துங்கள். உடைந்தவற்றுக்குப் புதியவை. பிளக்கும் கேபிளும் மாட்டி, பேட்டரியைத் திரும்ப இணைத்து ஜன்னல், பூட்டு, ஸ்பீக்கர் மூன்றையும் சோதித்தபின் மேல் விளிம்பை இடுக்கில் இறக்கி, உள்ளங்கையால் கிளிப்புக்குக் கிளிப் அழுத்துங்கள். அழுத்தம் ஏறாவிட்டால் தண்டு துளைக்கு நேராக இல்லை, குத்தாமல் எடுத்துச் சரிசெய்யுங்கள். ஸ்க்ரூக்கள் கடைசியில். பிளாஸ்டிக்கில் ஏறுபவை என்பதால் கைக்கு இறுக்கம் தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். பேட்டரி கழற்றியதால் ஒரே தொடுதலில் ஜன்னல் தானாக ஏறும் வசதி மறந்துபோயிருந்தால், ஜன்னலை முழுக்க இறக்கி, பின் ஏற்றி, மேலே போனபிறகும் சில விநாடி சுவிட்சைப் பிடித்திருந்தால் பெரும்பாலான கார்களில் திரும்பிவிடும்.