லாஞ்ச் தேதி நெருங்கும்போது டீம் செய்யும் தவறுகள்

2016 ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை இரண்டே வாரத்தில் திரும்பப் பெற வேண்டி வந்தது. பேட்டரி தீப்பிடித்ததுதான் காரணம். ஒரு சப்ளையரின் பேட்டரியில் கோளாறு என்று முடிவுகட்டி, இன்னொரு சப்ளையரின் பேட்டரி போட்ட மாற்று போன்களை அதே செப்டம்பரிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். அவையும் எரிந்தன. அக்டோபர் 11 அன்று அந்த மாடலையே நிறுத்தினார்கள்.

புதுப் பொருள் செய்யும் டீம்கள் அவசரத்தில் செய்யும் பெரிய தவறு இதுதான்: கண்ணில் பட்ட முதல் காரணத்தோடு தேடலை நிறுத்திவிடுவது. அப்புறம் சாம்சங்கில் சுமார் 700 பேர் உட்கார்ந்து 2 லட்சம் போன்களையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்தார்கள். முடிவு 2017 ஜனவரியில் வெளிவந்தது. முதல் பேட்டரியில் மேல் வலது மூலையில் எதிர்மின்வாய் (உள்ளே இருக்கும் நெகட்டிவ் தகடு) வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் வைத்த இடத்தில் கூரான பிசிறுகள். சிலவற்றில் இன்சுலேஷன் டேப்பே ஒட்டப்படவில்லை. தீ ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு. இதுவரை எரியாத பேட்டரி என்பதால் அது சோதித்துத் தேறிய பேட்டரி ஆகிவிடாது.

அடுத்த தவறு, டெஸ்டிங்குக்கான நாட்களை வெட்டுவது. டிசைன் இரண்டு வாரம் தள்ளிப்போகும், ஆனால் லாஞ்ச் தேதி நகராது. கடைசியில் நிற்பது டெஸ்டிங் என்பதால் அந்த இரண்டு வாரமும் அதன் கணக்கில்தான் கழியும். டீம் புதிதாக ஏதாவது தெரிந்துகொள்ளும் இடமே அதுதான், அதனால் இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

“இதை லாஞ்சுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற பதிலும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு சந்தேகம் கேட்கிறாள், இந்தப் பதில் வருகிறது. அடுத்த மீட்டிங்கில் அவள் வாய் திறப்பதில்லை. சந்தேகத்தைக் குறித்து வைத்து, யார் பார்ப்பது, என்றைக்குள் என்று பக்கத்தில் எழுத ஐந்து நிமிடம் போதும்.

கெடுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதிரி செய்து பார்க்கச் சின்னச் சின்ன கெடு நல்லது. விற்பனைத் தேதியைத் தொடவே கூடாது என்று நினைப்பதுதான் தவறு. 2019-இல் கேலக்ஸி ஃபோல்ட் என்ற மடிக்கும் போன் ஏப்ரல் 26 அன்று வர வேண்டியது. விமர்சகர்களிடம் கொடுத்த போன்களில் திரை பழுதானதும் அதே நிறுவனம் தேதியைத் தள்ளிவைத்தது. திரை மேல் இருந்த படலத்தின் விளிம்பைத் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் நீட்டிவிட்டு, கீல் பக்கம் மேலும் கீழும் மூடி வைத்து, செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.