குபெர்னெட்டிஸ் ஏபிஐ வழியே லேபிள் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், ஆப்ஜெக்ட்களில் ஒட்டப்படும் சாவி–மதிப்பு ஜோடிதான் லேபிள். அதை வெறும் குறிப்புச் சீட்டாக நினைப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. சர்வீஸ் எந்த பாட்களுக்கு (கன்டெய்னர்கள் ஓடும் சிறிய அலகுகள்) டிராஃபிக் அனுப்ப வேண்டும், குறித்த எண்ணிக்கையில் பாட்களை ஓட வைக்கும் ரெப்ளிகாசெட் எவற்றைத் தன் கணக்கில் வைக்க வேண்டும் என்பதை லேபிள்தான் முடிவு செய்கிறது.

முதல் தவறு, ஓடிக்கொண்டிருக்கும் பாட்களில் நேரடியாக லேபிளை மாற்றுவது. ஒரு டெப்ளாய்மென்ட்டில் (ரெப்ளிகாசெட் வழியே பாட்களை நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) 3 பாட்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். செலக்டர் (எந்த லேபிள் உள்ள பாட்கள் வேண்டும் என்ற நிபந்தனை) தேடும் லேபிளை அவற்றில் ஒன்றில் மாற்றினால், ரெப்ளிகாசெட் அதைக் கைவிட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்பும். இப்போது ஓடுவது 4. பழையது யார் பொறுப்பிலும் இல்லாமல் மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிழை தேடுவதற்காகத் தெரிந்தே இப்படிப் பிரித்து வைப்பார்கள், அது வேறு. செலக்டரில் இல்லாத லேபிள் என்றால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அந்த பாட் போனதும் லேபிளும் போய்விடும்.

சரி, நிலைத்திருக்க வேண்டுமானால்? டெப்ளாய்மென்ட்டின் டெம்ப்ளேட்டில், அதாவது புதிய பாட்களுக்கான அச்சில் எழுத வேண்டும். அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. டெப்ளாய்மென்ட்டுக்குச் சொந்த மெட்டாடேட்டா (லேபிள்களும், செலக்டர் பார்க்காத கூடுதல் குறிப்புகளான அனோட்டேஷன்களும் இருக்கும் பகுதி) ஒன்று, அதன் டெம்ப்ளேட்டுக்குள் மற்றொன்று. முதலாவதை மாற்றினால் பாட்கள் அசையாது. இரண்டாவதில் ஒரே ஒரு அனோட்டேஷனைத் தொட்டாலும் ரோலவுட் (பழைய பாட்களை நீக்கிப் புதியவற்றைக் கொண்டுவரும் வேலை) தொடங்கி எல்லா பாட்களும் மாற்றப்படும். கியூப்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியின் ‘ரோலவுட் ரீஸ்டார்ட்’ கட்டளை செய்வதே அதுதான்: டெம்ப்ளேட்டில் நேரத்தைக் குறிக்கும் ஓர் அனோட்டேஷனை எழுதுகிறது. ஆகவே கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் டீம் பெயரைத் திருத்தப் போய் டெம்ப்ளேட்டில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, ஒரு லேபிளுக்காக முழு ஆப்ஜெக்ட்டையும் ‘புட்’ செய்வது, அதாவது மொத்தமாக மாற்றி எழுதுவது. நீங்கள் படித்த பிறகு வேறொரு கன்ட்ரோலர் அதை மாற்றியிருக்கலாம். ரிசோர்ஸ் வெர்ஷன் (ஆப்ஜெக்ட்டின் பதிப்பு அடையாளம்) கூடவே போனால் 409 என்ற மோதல் பிழை வரும். மறுபடி படித்து, மாற்றி, அனுப்பலாம். அந்த 409 தொல்லை என்று வெர்ஷனை எடுத்துவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அடுத்தவர் செய்த மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். இந்த வேலைக்கு, குறிப்பிட்ட பகுதியை மட்டும் மாற்றும் ‘பேட்ச்’ போதும்.

பேட்ச்சிலும் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் பேட்ச்சில் (எந்தப் பாதையில் என்ன மாற்றம் என்று பட்டியலிடும் வகை), அனோட்டேஷனே இல்லாத ஆப்ஜெக்ட்டில் ஒரு சாவியைச் சேர்க்கப் போனால் பிழை வரும். அதைத் தவிர்க்க அனோட்டேஷன்ஸ் என்ற முழுப் பகுதியையே ‘ஆட்’ செய்தால், ஏற்கெனவே இருந்தவை அத்தனையும் போய்விடும். சாவியில் சாய்கோடு இருந்தால் பாதையில் அதை ~1 என்று எழுத வேண்டும். மறந்தால் வேறு இடத்தைத் தேடும். மெர்ஜ் பேட்ச்சில் இந்தத் தொல்லைகள் இல்லை. கொடுத்த சாவி மட்டும் மாறும், வெற்று மதிப்பான ‘நல்’ (null) கொடுத்தால் நீங்கும். எந்த வகையானாலும் கோரிக்கையின் கன்டென்ட் டைப் தலைப்பு அதற்குப் பொருந்த வேண்டும். சர்வருக்குத் தெரியாத வகை போனால் 415 பிழை வரும்.

மதிப்பு எப்போதும் ஸ்ட்ரிங்தான். ட்ரூ, 1 போன்றவற்றையும் மேற்கோளுக்குள் கொடுங்கள். லேபிள் மதிப்புக்கு 63 எழுத்து வரம்பு. அனோட்டேஷன்கள் மொத்தமாக 256 கிலோபைட் வரை போகலாம், ஆனால் அந்த இடத்தில் பாஸ்வேர்டு வைக்காதீர்கள். பாட்களைப் படிக்க அனுமதி உள்ள எல்லோர் கண்ணிலும் படும்.

அனுப்பும் முன் கோரிக்கையில் ‘ட்ரை ரன்’ அளவுருவை ‘ஆல்’ என்று வைத்துப் பாருங்கள். சர்வர் எல்லாச் சரிபார்ப்பும் செய்து முடிவைக் காட்டும், சேமிக்காது. அப்புறம், கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் அமைப்பு) உள்ள யாமல் கோப்பைப் பார்த்து கிளஸ்டரை அதற்கேற்ப வைத்திருக்கும் ஆர்கோ சிடி போன்ற கருவி இயங்குகிறது என்றால் மாற்றத்தை அந்த யாமலில் செய்யுங்கள். அதில் வேறு மதிப்பு இருந்தால், ஏபிஐ வழியே நீங்கள் எழுதியதை அடுத்த சிங்க் (ஒத்திசைவு) திருப்பி மாற்றிவிடும்.